முதுகில் எழுதிய பெயர்

மந்தைவெளியின் அந்தச் சின்னக் கிறிஸ்தவச் சபையில் பெயர் எழுதாத பொருள் ஏதாவது உண்டென்றால் அது காற்று ஒன்றுதான். அதுவும் 'அன்பளிப்பு' என்று எழுதிய மின்விசிறி வழியாகத்தான் வரும். டியூப்லைட்டுகளில் கொடுத்தவர், அவர் மனைவி, அமெரிக்காவில் இருக்கும் மகன் என்று குடும்பமே குடியிருந்ததால் வெளிச்சத்துக்கு இடமில்லை.

இந்தச் சபையில்தான் சுகிர்தம் அக்கா ஏப்ரல் தோறும் கையேந்தினார். டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க 'லைனில் இருங்கள்' என்று பிறரைக் காக்க வைத்த பாவத்துக்கு இப்போது வீடு வீடாகத் தானே காத்துக் கிடந்தார். சாந்தோம் குப்பத்துப் பிள்ளைகளை மே மாதம் ஏற்காட்டில் நடக்கும் கேம்ப்புக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

யாரும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கமிட்டிச் செயலாளர் எபனேசர் செல்லையா, ரிட்டயரான பேங்க் மேனேஜர், அதை வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"ஃபேன்னா இருபது வருஷம் சுத்தும் சிஸ்டர். புள்ளைங்க போயிட்டு வந்துடும். பேரை எங்க போடுவீங்க?"

வழியையும் அவரே சொன்னார். பிள்ளைக்கு ஒரு மஞ்சள் பனியன், அதன் முதுகில் கொடுத்தவர் பெயர். மறு ஞாயிறே எட்டுப் பிள்ளைகளின் பனியனுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. 'அன்பளிப்பு' என்ற வார்த்தை மட்டும் முதுகில் கொள்ளவில்லை. எபனேசரின் பட்டங்களுக்கே இடம் போதவில்லை என்று பெயின்டர் கையை விரித்தான். அன்பளிப்பை எடுத்துவிட்டு வெறும் பெயரை எழுதினார்கள்.

எபனேசரின் பெயர் மீன்காரி அஞ்சலையின் மகள் கன்னியம்மாவின் முதுகுக்கு வந்தது. அஞ்சலைக்கு அவளை அனுப்பவே மனமில்லை.

"அதுக்கு ராவுல பாய நனைக்கிற பயக்கம் கீதுக்கா. நாலு பேருக்குத் தெரிஞ்சா தூக்கு மாட்டிக்கும்."

"யாருக்கும் தெரியாது அஞ்சலை. நான் பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார் அக்கா.

பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டதோடு அக்காவின் வேலை முடிந்தது. கேம்ப்பில் ஊர் ஊராகப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பொறுப்பாளர் ஜோயல் சின்ன வயசுக்காரன், வெள்ளை மனசு. முதுகில் இருந்ததைப் பிள்ளையின் பெயர் என்றே நினைத்துக் கூப்பிட ஆரம்பித்தான். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாகப் போய், ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை ஜோயலே சபைக்கு நன்றி சொல்ல வந்தான். பிள்ளைகள் மஞ்சள் பனியனோடு சபையைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியாது.

"ஓட்டப் பந்தயத்துல முதல் பரிசு, நம்ம பாக்கியவதி தேவசகாயம்!"

மூட்டுவலிக்கார பாக்கியவதி அம்மாள் முதல் வரிசையில் பாதி எழுந்தே விட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது.

"இன்னொரு சாட்சி சொல்லணும். எபனேசர் செல்லையா முதல் மூணு ராத்திரி படுக்கையை நனைச்சுட்டு ஒரே அழுகை. எல்லாரும் சேர்ந்து ஜெபிச்சோம். அப்புறம் ஒரு நாள்கூட நனையலை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்!" என்றது சபை, பழக்க தோஷத்தில். பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. போதகர் வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். பாடகர் குழு குலுங்கியது.

கன்னியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயர் முதுகுப் பக்கம் இருந்ததால் எந்தப் பிள்ளை என்று சபைக்குத் தெரியாது. அக்கா நிம்மதியாக மூச்சு விட்டார். எபனேசர் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அறுபது வயது மனிதர் ஏற்காடு போய்ப் படுக்கையை நனைத்தார் என்று யார் நம்பப் போகிறார்கள்? ஆனால் பெயர் அல்லவா போகிறது! விறுவிறுவென்று முன்னால் போய், கன்னியம்மாவின் தோளைப் பிடித்து முதுகைச் சபைக்குத் திருப்பினார்.

"நல்லாப் பாருங்க! நான் இல்லை, இவதான்!"

சிரிப்பு நின்றது. கன்னியம்மா அவர் கையை உதறிவிட்டுப் பக்கவாசல் வழியே ஓடினாள். அக்காவுக்கு அந்த ஆள் மேல் பாதிக் கோபம், வாக்குக் கொடுத்த தன் வாய் மேல் மீதி.

அடுத்த ஏப்ரலில் ஓட்டத்தில் முதல் பரிசு வாங்கிய பெண்ணின் முதுகுக்கு ஐந்து குடும்பங்கள் முட்டி மோதின. கன்னியம்மாவின் முதுகை யாரும் சீந்தவில்லை. அக்கா குப்பத்துக்குப் போனார்.

"பாத்துக்கறேன்னியேக்கா" என்றாள் அஞ்சலை.

கட்டுமரத்தின் பின்னாலிருந்து கன்னியம்மாவின் குரல் மட்டும் வந்தது. "அந்த பனியன நான் போட மாட்டேன்."

"அது வேணாம். உனக்கு நான் வேற வாங்கித் தரேன். வரியா?"

கட்டுமரத்துக்கு மேலே தலை தெரிந்தது. அக்கா தன் பென்ஷனில் பனியன் வாங்கிப் பெயின்டரிடம் கொடுத்தார்.

பஸ் கிளம்பும் காலையில் எபனேசர் வரிசையாக முதுகுகளைப் பார்வையிட்டு வந்தார். கன்னியம்மாவின் முதுகுக்கு வந்ததும் நின்று, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"யாரு சிஸ்டர் இந்தக் கன்னியம்மா? நம்ம சபையில அப்படி ஒரு குடும்பம் இல்லையே. புதுசா டொனேஷன் குடுத்தவங்களா?"

"போன வருஷம் எபனேசர் செல்லையாவா இருந்தவ சார்" என்றார் அக்கா. "இந்த வருஷம் அவளாவே போறா."