ஒரே தீவனத்தில் இரண்டையும் கலந்தேன்: பூவத்திலிருந்து நாகைக்கு நோய்மீனோடு

பூவத்தில் எங்கள் குளத்துக் கொடுவா மீன்களுக்குப் புண் கண்ட பதினோராம் நாள், வைகாசி கடைசி செவ்வாய்க்கிழமை, நாகப்பட்டினத்து மீன்நோய் ஆய்வகத்துக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். எங்களுக்கு இருப்பது அந்த ஒரு குளம்தான். இன்னும் இரண்டு மாதத்தில் பிடிக்க வேண்டிய மீன்.

போகிறவர்கள் செத்த மீனை எடுத்துப் போகாதீர்கள். மீன் விற்ற குடும்பம் என்பதால் என் கை முதலில் ஐஸ் பெட்டிக்குத்தான் போனது. முந்தின நாள் போனில் கேட்டதால் தப்பித்தேன். உயிருள்ள நோய்மீன்தான் வேண்டுமாம். ஆக்சிஜன் அடைத்த பையில் மூன்று மீன், குளத்துத் தண்ணீர் தனியாக ஒரு பாட்டில்.

காலை 8.05க்கு ஆட்டோ. காரைக்கால் வழியாக 32 கிலோமீட்டர். காத்திருந்து கூட்டிவர 1,400 ரூபாய். பேருந்து மலிவு, ஆனால் பையோடு நிற்க முடியாது. திருமலைராயன்பட்டினம் தாண்டும்போது ஒரு மீன் சாய்ந்துவிட்டது.

"இது செத்துட்டா மறுபடி வரணுமாங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"வரலாம். கொண்டாரத்தான் மீன் இருக்காது."

9.20க்குச் சேர்ந்தோம். பரிசோதிக்கும் தம்பி செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன போட்டீர்கள் என்று கேட்டார். நாள், நேரத்தோடு சொன்னேன். முதல் மூன்று நாள் ஆன்டிபயாடிக் கலந்த தீவனம். நாலாம் நாள் காலை ஏழு மணியிலிருந்து, வெல்லத்தண்ணீரில் ஊறவைத்த புரோபயாடிக்கையும் அதே தீவனத்தில் ஊற்றினேன். நல்ல கிருமி பார்த்துக்கொள்ளும் என்று மருந்தையும் பாதியாகக் குறைத்தேன்.

"மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு தெரியாதும்மா. நீங்க ஊத்துன நல்லதையும் அது கொன்னுருக்கும். பாதி மருந்துல நோய்க்கிருமி சாகாம பழகிக்கும். மருந்தை முழுசா முடிச்சிட்டு, அப்பறம்தான் இதைக் கொடுக்கணும். மருந்துப் பையிலயே போட்டிருக்குமே, யாரும் படிக்கலையா?"

"கொழுந்தன் படிச்சான். நான்தான் கேக்கல."

என் வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தல்காரனோடு சீட்டாடப் போனவன் அவன். ஒன்பது வருஷமாக அவன் சொல் எதையும் நான் காதில் வாங்கியதில்லை. அன்றைக்கும் பையைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணி, ரெண்டையும் ஒண்ணா போடக்கூடாதாம்" என்று இரண்டு தடவை சொன்னான். அவன் முன்னாலேயே ஊற்றினேன்.

முடிவு வர மூன்று நாள் ஆகுமாம். எந்த மருந்து கேட்கும் என்று அப்போதுதான் தெரியும். கேட்காமலும் போகலாம் என்றார். நீங்கள் போனால் மீனுக்குப் போட்டது எதையும் மறைக்காதீர்கள். மருந்துப் பைகளையும் எடுத்துப் போங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால், பிடிக்காதவனாக இருந்தாலும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மதியம் 12.10க்கு வீடு. குளத்தில் புதிதாக முப்பத்தேழு மிதந்தன. கொழுந்தன் இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளிக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னாங்க அண்ணி?"

"நீ படிச்சதைத்தான் சொன்னாங்க."

அவன் கையிலிருந்த செத்த மீனைக் கூடையில் போட்டான். கூடையைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டான். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.