நாமக்கல்லில் ஒரு ரசிகர்

காலை பதினோரு மணி ஆனதும் பூபதி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போனில் சிவபிரகாஷின் ஆல்பத்தில் நாலாவது பாட்டை வைப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது; விளக்கெண்ணெய் குடித்தவர் போல இருக்கும். ஐந்தரை நிமிடம். முடிந்ததும், "இதெல்லாம் ஒரு பாட்டு" என்று பெட்டிகளிடம் சொல்லிவிட்டு ஷட்டரைத் தூக்குவார். இரண்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை.

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் கோயில் நோம்பி, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பூபதியின் ரேடியோ செட்தான். ஐம்பது வயதிலும் மரமேறிக் கூம்பு ஹாரன் கட்ட ஆள் தேட மாட்டார். பலா மரம் என்றால் மட்டும் இடுப்பில் தேங்காய் எண்ணெய்த் துணி செருகியிருக்கும். பால் ஒட்டினால் ஒயர் பிசுபிசுக்கும். எந்தப் பாட்டு, எத்தனை சத்தம், எப்போது நிறுத்துவது எல்லாம் அவர் முடிவு. அவர் ஹாரனில் ஏறாத பாட்டு அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாட்டாகவே கணக்கில் வராது.

அதற்கு முன்னால் பதினாறு வருடம் சேந்தமங்கலத்து மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தவர். "நாப்பது மெட்டு வெச்சிருக்கேனுங்க. எல்லாம் என்ற சொந்த மெட்டு" என்பார். எங்கே என்று கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். நேரம் வரட்டும், நல்ல வயலின்காரர்கள் கிடைக்கட்டும் என்று தள்ளித் தள்ளியே தலை நரைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் பஸ் கண்டக்டர் சிவபிரகாஷ், அவரைவிடப் பதினைந்து வயது சின்னவன், மலைப்பாதையின் எழுபது வளைவிலும் விசிலடித்துக்கொண்டே எட்டுப் பாட்டு எழுதி மெட்டும் போட்டான். சேர்த்து வைத்த லீவையெல்லாம் எடுத்துச் சென்னைக்குப் போனான். இருபத்திரண்டு வயலின், நாலு செல்லோ, புல்லாங்குழல், டிரம்பெட் என்று ஒரு கூட்டத்தையே உட்கார வைத்து, நடுவில் நின்று தானே பாடி ஆல்பமாக வெளியிட்டான். பூபதிக்கு வயிறு பற்றி எரிந்தது. பாட்டு மோசமாக இருந்திருந்தால் அன்றைக்கே அணைந்திருக்கும். நாலாவது பாட்டில், வளைவில் பஸ் திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் மொத்தமாகச் சாய்கிற மாதிரி, அத்தனை வயலினும் ஒரே பக்கம் சாயும் இடம் ஒன்று உண்டு. முதல்முறை அதைக் கேட்ட அன்று அவர் சோறு சாப்பிடவில்லை.

டீக்கடையில் யாராவது ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "எளவு ஊட்டுல எல்லாரும் ஒண்ணா மூக்கு உறிஞ்சற மாதிரி இருக்குதுங்க" என்று சிரிக்க வைத்துவிடுவார். நோம்பிக்கு ஒரு பாட்டாவது போடச் சொல்லிச் சிவபிரகாஷே வந்து நின்றபோது, "நம்ம ஹாரனுக்கு வயலினெல்லாம் ஒத்து வராது தம்பி, கிழிஞ்சு போயிரும்" என்றார். கிழியாது என்று அவருக்குத் தெரியும். ஆல்பம் மலையில் அப்படியே அமுங்கிப்போனது. தினமும் ஒரு குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்பதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கடைசியில் மிஞ்சிய குற்றம் ஒன்றுதான்: இரண்டாவது சரணத்துக்கு முன் சிவபிரகாஷ் மூச்சு இழுப்பது கேட்கிறது. இப்போதெல்லாம் அந்த மூச்சு எப்போது வரும் என்று காத்திருக்கிறார்.

போன வாரம் ஒயர் வாங்க சேந்தமங்கலம் போகும்போது, பஸ்ஸில் சிவபிரகாஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். போனைத் திறந்து, தன் பாட்டை எந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்டும் பக்கத்தை நீட்டினான்.

"பாருங்கண்ணா. நாமக்கல்லு, ஒருத்தரு. நாலாவது பாட்டு. ரண்டு வருசமா தெனமும் உடாம கேக்கறாருங்க."

பூபதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "யாராம்?"

"பேரு காட்டாதுங்க, ஒரு போனுக்கு ஒருத்தருன்னு கணக்கு மட்டுந்தான். மலையில கேட்டாலும் கீழ கேட்டாலும் நாமக்கல்லுன்னுதான் வரும். பெரிய ரசனைக்காரரா இருக்கோணும். அவருக்காவத்தான் அடுத்த ஆல்பம் எழுதீட்டு இருக்கேன். அவரும் இல்லீன்னா எப்பவோ உட்டிருப்பேனுங்க."

அந்தக் குரலில் இருந்த மரியாதை தனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அந்த ரசனைக்காரர் தானே என்று தெரிந்திருந்தும் பூபதிக்கு அந்த ஆள் மேல் பொறாமையாக இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு ஷட்டர் இறங்கவில்லை. விரலை அசைக்காமலே ஒருவனுடைய அடுத்த ஆல்பத்தை நிறுத்திவிடலாம்; இப்படியொரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? முதல் நாள் ஒயர் சுற்றினார். இரண்டாம் நாள் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தார். மூன்றாம் நாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அதையே கழற்றிப் போட்டு மறுபடியும் பூட்டினார்.

நாலாம் நாள் சிவபிரகாஷ் கடைக்கே வந்துவிட்டான். "அவரு மூணு நாளா வரலீங்கண்ணா. ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிருக்குமுங்களா?"

"கேட்டுக் கேட்டுச் சலிச்சிருக்கும் தம்பி."

"இருக்குமுங்க." அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுத் தாள்களை எடுத்து மேஜை மேல் வைத்தான். "புதுசா எழுதுனதுங்க. இனி எதுக்கு? ஃபியூஸ் கம்பி பொட்டலம் மடிக்க வெச்சுக்கோங்க." பஸ் ஹாரன் கேட்டு ஓடிவிட்டான்.

பூபதி தாள்களைப் பிரித்து நின்றபடியே படித்தார். நன்றாக எழுதியிருந்தான். அதுதான் தாங்க முடியவில்லை. "பாவி" என்றார், அவனையா தன்னையா என்று அவருக்கே தெரியவில்லை. தாள்களைப் பழையபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடையை அடைத்து, பட்டப்பகலில் வீட்டுக்கு நடந்தார்.

மனைவி மேகலா முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பூபதி தன் போனில் நாலாவது பாட்டை, ஹெட்போன் இல்லாமல், சத்தமாகவே வைத்தார்.

"உன்ற போனக் குடு புள்ள."

"எதுக்குங்க?"

பதில் சொல்லாமல் வாங்கி, அதிலும் அதே பாட்டைத் தேடி ஓடவிட்டுத் தன் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒரே பாட்டு எதுக்குங்க ரண்டுல?" என்று அவள் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, பூபதி வேலியோரம் போய்விட்டிருந்தார். அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தாயியிடம் கையை நீட்டினார்.

"அக்கா, உங்க போன ஒரு அஞ்சரை நிமிசம் குடுங்க."