அப்பாவின் முதுகும் புகைக்கொட்டகைத் தாரும்

ரப்பர் பால்வெட்டு நின்றுபோன தோட்டத்தில், ரப்பர்த் தகடுகளை உலர்த்திய புகைக்கொட்டகைச் சுவரில் கெட்டியாகப் படிந்திருந்த தார், வெயில் ஏறினால் இளகி, கருகிய விறகும் புளித்த ரப்பர் பாலும் கலந்த நெடியைக் கிளப்பும். அதைக் கத்தியால் சுரண்டித் தேங்காய்ச் சிரட்டையில் சேர்த்து, செம்பனை எண்ணெய் விட்டுக் குழைப்பது, ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், என் ஒன்பதாவது வயதில், எனக்குக் கிடைத்த வேலை.

லூனாஸ் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. அப்பாவுக்கு முழங்கை, முழங்கால், முதுகு எங்கும் சிவந்த திட்டுகள். அவற்றின்மேல் மீன் செதில்போல் வெள்ளைப் பொருக்கு. போருக்கு முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் "டிரசர்" தார்க் களிம்பு கொடுப்பார். போர் வந்ததும் களிம்பு தீர்ந்தது. "தார்தான் மருந்து, அதுவே இல்லன்னா நான் என்னம்மா செய்ய?" என்று அவர் கையை விரித்தபோதுதான், அம்மாவுக்குப் புகைக்கொட்டகைச் சுவர் நினைவுக்கு வந்தது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் "லயத்து" வீடுகளில் எல்லாரும் அதைப் பெருநோய் என்றே நம்பினார்கள். குழாயடியில் அப்பா வாளியை வைத்தால் மற்ற வாளிகள் நகரும். "தொட்டா ஒட்டிக்கும், வாங்கடா" என்று பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா தன் பிள்ளைகளை எங்கள் வாசலிலிருந்து இழுத்துப் போவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டில்" அப்பா வரிசைக்கு வெளியே தனியாக நிற்பார். ரப்பர் மரங்களை வெட்டிய நிலத்தின் கடைசி மூலையில், தனியாகவே மரவள்ளி நடுவார். பார்க்க ஆளில்லாததால் அங்கே சட்டையைக் கழற்றிவிடுவார்.

மாலையில் நான் பின்னால் உட்கார்ந்து தார் பூசுவேன். முதுகில் மட்டும் பதினேழு திட்டுகள். கதவின் உட்புறத்தில் அடுப்புக்கரியால் பதினேழு கோடுகள் போட்டு, ஒரு திட்டு மறைந்தால் ஒரு கோட்டை அழிப்பேன். தாரும் வெயிலும் சேர்ந்தால் இந்தத் தோல் ஆறும் என்பதைத் தாதியர் பயிற்சியில்தான் படித்தேன். அப்போது எல்லாம் என் கைராசி என்றே நினைத்திருந்தேன். சில மாதங்களில் கதவில் ஒரு கோடும் மிஞ்சவில்லை.

அதே வாரம் பெரட்டுக்கு ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் வந்தான். சயாமில் ரயில் பாதை வேலை, மூன்றே மாதம், அரிசிச் சோறு உண்டு என்று கங்காணி அறிவித்தார். அதற்குமேல் அப்போது யாருக்கும் எதுவும் தெரியாது. கேட்ட எண்ணிக்கைக்கு ஓர் ஆள் குறைந்தது. கங்காணியின் பார்வை அப்பாமீது விழுந்து விலகியது.

"அது சீக்காளி, வேணாம்."

"அவன ஏத்துனா ரயிலே சொறியும், கங்காணி!" என்றது ஒரு குரல். வரிசையே சிரித்தது.

கஞ்சி வாளியோடு நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல! பாருங்க கங்காணி!" என்று கத்தி, அவருடைய கோணிச் சட்டையைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தேன். கங்காணி கிட்ட வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"அட, சுத்தமா இருக்கேடா முனியா!"

வெளியாள் ஒருவர் அப்பாவைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா போய் வரிசைக்குள் நின்றார். ஓடிவந்த அம்மாவிடம், "மூணு மாசந்தானே, புள்ள. என்னையும் ஒரு ஆளுன்னு கூப்பிட்டிருக்கான்," என்றார்.

சயாமுக்குப் போனவர்களில், போர் முடிந்து திரும்பியவர் அஞ்சலை அக்காவின் கணவர் மட்டும்தான். எங்கள் வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்: "அங்க போயி ஒடம்பு பூரா திரும்ப வந்துருச்சி, தங்கச்சி. பெருநோயின்னு தனிக் கொட்டாயில போட்டாங்க. தண்ணி கேட்டுக்கிட்டே கெடந்தான். நாங்க... கிட்ட போகல."

நான் சட்டையைத் தூக்கியதைப் பற்றி அம்மா ஒருநாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பின்னாளில் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் தோல் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தாதியானேன். சொரியாசிஸ் என்று தெரிந்து அழுகிறவர்களிடம் மூன்று விஷயங்கள் சொல்வேன். இது ஒட்டாது. இது வெளியிலிருந்து வந்ததல்ல, உடம்பே தன் தோலை அவசரமாக வளர்த்துத் தள்ளுகிறது. இது தணியும், ஆனால் திரும்பி வரும். மூன்றாவது விஷயம் ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.

புகைக்கொட்டகையை இடித்துவிட்டார்கள். லயத்தில் வேறு குடும்பங்கள் இருக்கின்றன. அப்பாவுக்குப் புகைப்படம் கிடையாது. அந்தப் பதினேழும் முதுகில் எங்கெங்கே இருந்தன என்று கேட்டால் இப்போதும் வரைந்து காட்டுவேன். எப்போதும் பின்னாலேயே உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, அவர் முகம் எனக்கு நினைவில்லை.