சின்னப் பற்றரி படுத்த காலை

நோர்வேயின் வடக்கில் நான் இருக்கும் ஊரில் என் மின்சாரக் காரின் கதவுக் கைப்பிடி உள்ளே ஒளிந்திருக்கும். சொந்தக்காரர் கிட்டப் போனால்தான் வெளியே வரும். அன்று காலை பயணப் பெட்டியோடு எவ்வளவு நேரம் நின்றும் அது வரவில்லை. இரவு முழுவதும் மின்னேற்றிய கார்தான். அதை ஓட்டும் பெரிய பற்றரி நிறைந்திருந்தது. கதவையும் விளக்கையும் எழுப்பும் சின்னப் பற்றரி குளிரில் படுத்துவிட்டது. சின்னது எழுப்பாவிட்டால் பெரியதும் எழும்பாது.

சற்று முன்னர்தான் இலங்கையில் என் சொந்த ஊரான வங்காலையிலிருந்து மச்சாள், அண்ணனின் மனைவி, தொலைபேசியில் அழைத்திருந்தார். கடலால் வந்து வலை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த அண்ணன், மன்னார் ஆசுபத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். "நாளையிண்டைக்கு அடக்கம். அதுக்கு மேல வைச்சிருக்கேலாதாம். வந்திடுவீங்களோ மச்சாள்?" என்று கேட்டார். அவருக்கு நானும் மச்சாள்தான். இரண்டு நாள் இருந்தது, வாறன் என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடினேன். கார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவன் இறந்துவிட்டான்" என்று வந்தது. நோர்வேயின் வடக்குப் பேச்சில் காரும் அவன்தான், பற்றரி படுத்தாலும் இறந்துவிட்டான் என்பார்கள். அவர் காரைப் பார்த்துச் சிரித்தார். குளிரில் எல்லோருக்கும் நடப்பதுதான், இப்போதே உயிர் கொடுத்துவிடலாம் என்றார். நான் திருத்தவில்லை. உயிர் கொடுக்கலாம் என்ற வார்த்தையைக் கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டு நிற்க வேண்டும்போல் இருந்தது.

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளிலும் கொழும்புக்குப் போக வந்த வான் வண்டியின் பற்றரி இறங்கிக் கிடந்தது. அண்ணனும் கூட்டாளிகளும் பின்னால் நின்று தள்ளினார்கள். இயந்திரம் பிடித்துக்கொண்டது. நிப்பாட்டினால் திரும்ப எழும்பாது என்று சாரதி நிறுத்தவேயில்லை. அண்ணன் கொஞ்சத் தூரம் ஓடிவந்தார். ஏதோ சொன்னார், கேட்கவில்லை. பிறகு பலமுறை ஊருக்குப் போய்வந்தும், அண்ணன் என்றால் பின்கண்ணாடியில் சிறுத்துப்போன அந்த உருவம்தான் எனக்கு.

பக்கத்து வீட்டுக்காரர் கையடக்கமான பற்றரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். முன்மூடியைத் திறந்து வயர்களைக் கொளுவினார். விளக்குகள் ஒருமுறை சிமிட்டி அணைந்தன. பெட்டியும் குளிர்ந்துவிட்டது என்று அதை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சூடாக்கி வந்தார். கார் விழித்தபோது, அந்த வடக்கு ஊரிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் பறக்கும் விமானம் போயிருந்தது. அப்போதுதான் அவர் என் பயணப் பெட்டியைக் கண்டு, எங்கே போகிறாய் என்று கேட்டார். "என் அண்ணன்" என்றேன். முதலில் நான் சொன்ன 'அவன்' யாரென்று அவருக்கு விளங்கியது. கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வங்காலை போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஓர் இரவு கடந்திருந்தது. மச்சாள் என்னை நேரே அண்ணனை அடக்கிய சேமக்காலைக்குக் கூட்டிப் போனார். மத்தியான வெயில். புதுக்குழியின் மேல் மாலைகள் கருகிக் கிடந்தன. குளிர்நாட்டுச் சப்பாத்துக்குள் என் கால்கள் வெந்தன.

"அதைக் கழட்டுங்கோ மச்சாள். கால் அவிஞ்சுபோகும்."

கழற்றினேன். மணல் சுட்டது. வெறுங்காலோடு மச்சாள் அசையாமல் நின்றார். எனக்கு ஒரு கணமும் முடியவில்லை. கழற்றிய சப்பாத்துகளின் மேல் ஏறி நின்று, அண்ணனுக்காகச் செபித்தேன்.