தறிப் பஞ்சும் வாப்பாவின் சீடியும்

மருதமுனையில் எங்கள் வீட்டிலேயே கைத்தறி ஓடுவதால், பழைய கம்ப்யூட்டருக்குள்ளும் பஞ்சு அடைந்துவிடும். நோன்புக்கு முன் அதைத் திறந்து துப்புரவாக்கினேன். பிறகு வாப்பா குர்ஆன் ஓதிய சீடியைப் போட்டேன். மௌத்தாகிவிட்ட அவரின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது. சீடி சுழன்றது, சத்தம் வரவில்லை.

"அது பழுதாப் பெய்த்து மகள், எடுத்து எறி" என்றார் உம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. எனக்கு மனம் வரவில்லை.

மீண்டும் திறந்து பார்த்தேன். சீடி டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்கு ஒலியைக் கொண்டுபோகும் மெல்லிய வயர் கழன்று தொங்கியது. நான் பஞ்சை இழுத்தபோது அதையும் இழுத்திருக்கிறேன்! செருகியதும் வாப்பா ஓதத் தொடங்கினார். உம்மா அவசரமாக முக்காட்டைப் போட்டுக்கொண்டார்.

அன்றே அதற்குப் பிரதி எடுத்துவிட்டேன். இப்போது பஞ்சு துடைத்தால், மூடியைப் பூட்டுவதற்கு முன் வாப்பாவை ஓதவிட்டுப் பார்க்கிறேன். உம்மா தறியை நிறுத்திவிடுகிறார்.