ஒண்ணுமில்ல

அந்தக் குதிரை எங்களிடம் வருவதற்கு முன்னால் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்துகொண்டிருந்தது. எத்தனை சரவெடி அதன் காலடியில் வெடித்ததோ, யாராவது துண்டை உதறினாலே உடம்பெல்லாம் நடுங்கும். மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்னப் பண்ணையில் எனக்கு வேலை. மழைக்காலத்துக்குள் குதிரை படியவில்லை என்றால் மறுபடி ஊர்வலக்காரர்களிடமே தள்ளிவிடப் போவதாக முதலாளி சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. பிடிவாதமும் வந்தது.

நான் அளத்துப் பெண். கல்யாணம் ஆகும் வரை கூடை கூடையாக உப்பு சுமந்தவள். குதிரை ஏறக் கற்றதே முப்பது வயதுக்கு மேல், லாயம் கூட்டப் போன இடத்தில்தான்.

முதல் மாதம் ஏறவே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். அது பயந்து நிற்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல" என்று சொல்வேன். பிள்ளை திடுக்கிட்டு அழுதால் சொல்வோமே, அதே சொல்தான். உப்புக் குவியலை மூடிய தென்னங்கீற்று படபடத்தால் ஒண்ணுமில்ல. மோட்டார் சத்தத்துக்கு ஒண்ணுமில்ல. பஸ் ஹாரனுக்கும் ஒண்ணுமில்ல. பிறகு சேணம் போட்டு ஏறினேன். பத்தடி போவோம், இறங்கிவிடுவேன். மறுநாள் இருபது அடி. இரண்டு முறை தள்ளிவிட்டது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

நாளாக ஆக, அந்தச் சொல் காதில் விழுந்ததும் அதன் ஒரு காது என் பக்கம் திரும்பும். மூச்சு இறங்கும். கால் எடுத்து வைக்கும். அளத்துப் பெண்கள், "ஏண்டி, கூடைய எறக்கிட்டு குதிர ஏறிட்டியா?" என்று கிண்டல் செய்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பெருமைதான் கெடுத்தது. ஒருநாள் காலை முதலாளி அளத்துக்கு அந்தப் பக்கம், ரோட்டோரம் நின்று எங்களைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் வண்டிப்பாதையில் சுற்றிப் போயிருக்கலாம். நான் பாத்திகளுக்கு நடுவே இருந்த வரப்பில் குதிரையை விட்டேன். தலையில் கூடையோடு ஆள் போகிற வரப்பு, குதிரையைத் தாங்காதா என்று நினைத்தேன். அளத்தில் வளர்ந்தவளுக்குத்தான் அப்படி நினைக்கத் தோன்றும்.

நடுவரப்பில் நின்றது. மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்தது. ஓரடி பின்வாங்கியது. பழைய பயம் என்று நினைத்து, "ஒண்ணுமில்ல" என்றேன். காது திரும்பியது. போனது.

மூன்றாவது அடியில் வரப்பு உள்வாங்கியது. முன்னங்கால் முட்டி வரை புதைந்து, உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் உப்புத் தண்ணீரில் கிடந்தேன்.

முந்தின வாரக் கோடை மழையில் தேங்கிய தண்ணீரை வடிய விட, அந்த இடத்தில்தான் வரப்பை வெட்டி மறுபடி மண் போட்டு மூடியிருந்தார்கள். மேலே உப்பு பூத்து, மற்ற இடம் போலவே வெள்ளையாக இருந்தது. வெறுங்காலோடு நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். குதிரைக்குத் தெரிந்திருந்தது. தன் காலை நம்பிய மிருகத்தை, என் வாயை நம்பும்படி நான்தான் பழக்கியிருந்தேன்.

புதுச்சேரியிலிருந்து மாட்டு டாக்டர் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதுவரை குதிரை எழுந்திருக்கப் பார்த்து, பார்த்து விழுந்தது. டாக்டர் அதன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி ஊசி போட்டு முடித்துவிடுவது ஒன்றுதான் வழி என்றார். முதலாளி தலையசைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

"தலையப் புடிச்சிக்கம்மா. எதுனா பேசிக்கினே இரு, ஆடாம இருக்கணும்," என்றார் டாக்டர்.

அதனிடம் பேச எனக்கு வேறு சொல் ஏது? தலையை மடியில் வைத்துக்கொண்டு அதையே சொன்னேன். காது என் பக்கம் திரும்பியது. நடுக்கம் நின்றது. அன்றும் என்னை நம்பியது.