கோதுமை மிஷினுக்கு நெல் பழக்கிய கதை

ஸ்பானர் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: புது மிஷின் நாம் சொன்னதைக் கேட்கும், பழைய மிஷின் சொல்வதை நாம்தான் கேட்கவேண்டும்.

மலாயாவில் பத்து காஜா என்ற ஊர்ப்பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோரில், அதாவது பால் உறையவைக்கும் ஆலையில், மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். அரிசிக் கப்பல் சரியாக வராத காலம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். சதுப்பில் நெல் போடச் சொன்ன தோட்டத்துத் துரை, கதிரடிக்க எங்கிருந்தோ ஒரு பழைய மிஷினையும் வாங்கிவிட்டார். வெள்ளைக்காரன் ஊரில் கோதுமை அடித்த மிஷின்.

முதல் பிடி

நாலு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். லயத்து வீடு ஒன்று சக்கரத்தில் நடந்து வருவதுபோல இருந்தது. ஸ்டோர் எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டினோம். தரை அதிர்ந்தது. முன்னால் அறுத்த கொஞ்சம் கதிரை உள்ளே கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் மறுபக்கம் கொட்டிவிட்டது. எனக்கு ஒரே ஆச்சரியம்.

அறுப்புக்கு வந்திருந்த அஞ்சலை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் உடைசல்.

“நெல்லக் குடுத்தா நொய்யக் குடுக்குது அண்ணே. வெதைக்கும் ஆவாது, கஞ்சிதான் காச்சலாம்.”

ஈப்போ கொல்லர்

கதிரை அடிக்கும் உருளைக்கு வேகம் அதிகம். அதன் சக்கரத்தில் பலகை வளைத்து ஆணியடித்துப் பெரிதாக்கினேன். சக்கரம் பெரிதானால் உருளை மெதுவாகச் சுற்றும். அப்படியும் நெல் உடைந்தது. உருளையிலிருந்த இரும்புப் பட்டை ஒன்றைக் கழற்றிக்கொண்டு ஈப்போ டவுனுக்குப் போனேன்.

அங்கே ஆ செங் என்று ஒரு சீனக் கொல்லர். பட்டையை அவர் தொடவே இல்லை. “பாடி இருக்கா?” என்றார். மலாயில் நெல்லுக்கு அதுதான் பேர். மடியிலிருந்த கதிரை நீட்டினேன். அதை விரலிடுக்கில் வைத்து மெல்ல இழுத்தார். ஒரு மணி விடாமல் அத்தனையும் அவர் கையில் நின்றது. வரைபடம் இல்லை, அளவுகோல் இல்லை. பட்டைக்குப் பட்டை இரும்புப் பல் அடித்துக் கொடுத்தார். கொண்டுவந்து பொருத்தினால் ஒரு பல்கூட இடிக்கவில்லை. அன்று கதிரை இழுத்துக் காட்டியபடியே அவர் மலாயில் சொன்னது இதுதான்:

“அடிச்சா உடையும். தலை சீவுற மாதிரி சீவு, தானா வரும்.”

காற்று

இப்போது நெல் உடையவில்லை. ஆனால் சாக்கில் விழுவதும் குறைந்துவிட்டது. எங்கே போகிறதென்று ஒரு காலை முழுக்கத் தேடினேன். கோதுமை கனம், நெல் லேசு. பதரை ஊதித் தள்ளும் விசிறி, நெல்லையும் சேர்த்து வெளியே தள்ளியிருக்கிறது. காற்று நுழையும் வாயைப் பலகையால் விரற்கடை விரற்கடையாக மூடி, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்தேன். நெல் போய் விழுந்த இடத்தை முதலில் எனக்குக் காட்டிக் கொடுத்தது அஞ்சலைதான்.

“பின்னால வந்து பாருங்கண்ணே, லயத்துக் கோழி பூரா இங்கதான் நிக்குது. தொரை அதுங்களுக்கா மிசினு வாங்குனாரு?”

ஈரத் தாள்

ஒருநாள் ஈரமான நெல்தாள் உருளையில் சுற்றிக்கொண்டது. இழுத்துவிடலாம் என்று கையை விட்டேன். அந்தத் தப்பை நீங்களும் செய்திருப்பீர்கள். சட்டைக் கை சிக்கியது. கத்தக்கூட நேரமில்லை. அதற்குள் பெல்ட் கழன்று மண்ணில் விழுந்தது, உருளை நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் பார்க்கும் கோவிந்தன் அண்ணன், என்னைப் பார்க்காமலே கட்டையால் பெல்ட்டைத் தட்டிவிட்டிருந்தார். கிழிந்த சட்டையோடு அவர் முன்னால் போய் நின்றேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“எஞ்சின் மூச்சு மாறிச்சு தம்பி. தாளு சிக்குனா நீ கைய விடுவேன்னு எனக்குத் தெரியாதா?”

மழைக்கு முன்னால்

அறுத்த கதிரெல்லாம் போராகக் கிடந்த அன்று, மத்தியானமே மலைப்பக்கம் கறுத்துவிட்டது. நனைந்தால் அத்தனையும் முளைத்துப் போகும். “இன்றைக்கும் கெடுத்தால் இது பழைய இரும்புக்குத்தான்” என்று துரை சொல்லிவிட்டார்.

மறுபடி தாள் சிக்காமலிருக்க, உருளைக்கும் அடிச் சல்லடைக்கும் நடுவே இன்னும் ஒரு நூலளவு இடைவெளி விட்டேன். கோவிந்தன் அண்ணன் எஞ்சினை முடுக்கினார். கட்டு கட்டாகக் கொடுத்தோம். தடதடவென்று இருந்த சத்தம் மெல்ல அடங்கி, ஒரே ரீங்காரமாக ஆனது. சாக்கில் நெல் இறங்கியது, முழுசு முழுசாக, மஞ்சளாக, நிற்காமல். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கடைசிக் கட்டு உள்ளே போனபோது முதல் தூறல் விழுந்தது. எண்ணெய்க் கையோடு வெளியே வந்த கோவிந்தன் அண்ணன், அடுக்கியிருந்த சாக்குகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மனுசன் செஞ்சதுதான்னு தெரியுது தம்பி. இருந்தாலும் கும்பிடணும்போல இருக்கு.”

மறுவருஷம் அரிசிக் கப்பல் ஒழுங்காக வந்தது, துரை வயலை மூடச் சொன்னார்: நம் தொழிலில் ஒரு மிஷின் முழுசாகத் திருந்துவதும் அதற்கு வேலை இல்லாமல் போவதும் பெரும்பாலும் ஒரே சமயத்தில்தான்.